ஜாபிதாவில் ஒரு மனைவிக்குத்தான் இடம்

நாமகிரிப்பேட்டை
தாது வருஷம், ஆடி 9

குஞ்சம்மாளுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றாள் ஜானகியம்மாள். அதெல்லாம் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதுகிற கை பக்கத்து வீட்டு வாத்தியார் சம்சாரம் ஜானகியுடையது. கோபம் என்னுடையது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதானே இப்படி ஒரு காகிதம் என்னைத் தேடி வரும்படி செய்தாய்?

நேற்று சேலம் ஆபீஸிலிருந்து நோட்டீசு வந்தது. தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அண்ணன் வீட்டில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் பெயருக்குத் தபால் வருவது இதுதான் முதல் தடவை. ஜானகி வாசித்தாள். அயோத்தியாப்பட்டணத்தில் ஓட்டுப் போடுகிறவர்கள் பெயரெழுதின ஓட்டர் ஜாபிதாவில் இன்னாருடைய மனைவி என்று என் பெயர் இருக்கிறதாம். நான் அந்த ஊரில் குடியிருக்கவில்லையாம். ஆகவே என் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் உன்னைச் சேர்க்க வேண்டுமாம். மனுக் கொடுத்தவள் நீ.

[இன்னார் என்பது அர்த்தநாரிக் கவுண்டர். அம்மாள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். நோட்டீசில் இருப்பதால் நான் எழுதினேன். - ஜானகி]

அந்த ஜாபிதாவில் என் பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. அடிக்கப் போகிறார்கள் என்று சொல்லும்போதுதான் தெரிகிறது. ஓட்டு எப்படிப் போடுவது என்றும் தெரியாது, யாருக்குப் போடுவது என்றும் தெரியாது. அது எனக்கு வேண்டவும் வேண்டாம். ஆனால் அந்த மனுஷன் பெயருக்குக் கீழே என் பெயரை யாரோ ஒரு கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறாரே, அது எனக்கு வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் காட்டு மஞ்சளை வேகவைக்க ஒத்தாசைக்கு வந்தேன். திரும்பிப் போனபோது வாசல் கொடியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. என் சேலை இல்லை. உள்ளே காலெடுத்து வைக்காமல் வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டேன். அதைத்தான் நீ "குடியிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். ஏன் குடியிருக்கவில்லை என்றும் எழுதினாயா?

[இந்த இடத்தில் அம்மாள் சொன்ன ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். - ஜானகி]

ஆவணி பத்தாம் தேதி விசாரணை. வருகிறேன் என்று அவரிடம் சொல். சொல்லாவிட்டாலும் வருவேன்.

பெருமாயி

*

அயோத்தியாப்பட்டணம்
ஆடி 17

அக்காளுக்குக் குஞ்சம்மாள் எழுதுவது.

அக்கா என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நீங்கள் திட்டினதையெல்லாம் வாசித்தேன். விட்டுப்போன வார்த்தை எதுவென்றும் ஊகித்துக்கொண்டேன்.

மனு நான்தான் கொடுத்தேன். ஆனி மாதம் சாவடியில் ஜாபிதாவை ஒட்டிவிட்டுக் கர்ணம் உரக்க வாசித்தார். செத்தவர் இருந்தால் சொல்லுங்கள், ஊரைவிட்டுப் போனவர் இருந்தால் சொல்லுங்கள், அடித்துவிடலாம், ஜாபிதா சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். நானும் மகள் சௌந்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களோடு நின்றேன். மாமா பெயர் வந்தது. அடுத்தபடி "மனைவி பெருமாயி" என்று வாசித்தார். பக்கத்தில் நின்ற கந்தம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப நீ ஆரு அம்மிணி?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். என்ன ஏதென்று தெரியாமல் என் குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

நான் கர்ணம் வீட்டுக்கே போய் என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "அதெப்படி அம்மிணி? நெலபுலம் உள்ளவன் சம்சாரத்துக்கும் ஓட்டு உண்டு. ஆனா ஒரு புருசனுக்கு ஒரு சம்சாரத்தைத்தான் எழுதலாம். சட்டம் அப்படி. ஒண்ணை அடிச்சாத்தான் ஒண்ணு" என்றார். நல்ல சட்டம்தான். தாலி கட்டும்போது இதை யாராவது மாமாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

நீங்கள் இந்த ஊரில் இல்லை என்று மனுவில் எழுதச் சொன்னேன். அது பொய்தான் அக்கா. இந்த வீட்டில் நீங்கள் இல்லாத மூலை எது? தபால்காரர் வந்தால் "பெருமாயி ஊடுங்களா?" என்றுதான் கேட்கிறார். சிவலைப் பசு இன்னும் எனக்கு மடி விடமாட்டேன் என்கிறது. களி கிண்டினால் மாமா ஒரு வாய் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கிறார். கட்டி விழுந்திருக்கிறது என்று திட்டினாலும் பரவாயில்லை. பேசாமல் குடிக்கிறாரே, அப்போது அவர் யாருடைய களியை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் தகரப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகர்த்தவும் விடமாட்டார். அதன் சாவி அவர் அரைஞாணில் தொங்குகிறது.

நாலு வருஷமாக நான் அதைப் பார்த்துக்கொண்டே படுக்கிறேன். ஒரே ஒரு வரி எனக்குக் கிடைக்கக் கூடாதா?

குஞ்சம்மாள்

*

நாமகிரிப்பேட்டை
ஆடி 24

குஞ்சம்மாளுக்கு,

சாவியை அரைஞாணிலா வைத்திருக்கிறார்? அந்த இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். ஜானகி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெட்டியில் ஒன்றுமில்லை, என் கூறைச் சேலையும் ரெண்டு பித்தளைத் தட்டும்தான். அவருக்கும் அது தெரியும்.

ஆனால் இதைச் சொல்லி என்னைக் குளிரவைத்துவிட்டு அந்த வரியைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று பார்க்காதே. உன்னிடம் என்ன இல்லை? வீடு இருக்கிறது. மனுஷன் இருக்கிறார். எனக்குப் பிறக்காதது உன் இடுப்பில் உட்கார்ந்து சிரிக்கிறது. காலையில் எழுந்ததும் அவர் இருமுகிற சத்தம் உனக்குக் கேட்கும். எனக்கு இங்கே கேட்பது அண்ணி சாலம்மாள் பாத்திரம் உருட்டுகிற சத்தம்தான். நான் சாப்பிட்ட தட்டை மட்டும் அவள் சற்று அதிகமாக உருட்டுவாள். என்னிடம் இருப்பது சாவடிச் சுவரில் ஒட்டின அந்த ஒரு வரி. அதுவும் உன் கண்ணை உறுத்துகிறதா?

இன்னொன்று. உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஜானகி மெச்சினாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை, அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ வாசித்துக் காட்டி அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் என் கண்முன்னால் வந்து போனது.

அப்போதுதான் ஜானகி ஒரு விஷயம் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் தனியாகவே ஓட்டு உண்டாம். புருஷன் நிலமும் வேண்டாம், புருஷனும் வேண்டாம், அதிகாரி முன்னால் எழுதிக் காட்டினால் போதுமாம். அப்படி ஒரு வழி உனக்குத் திறந்திருக்க, நீ எதற்காக என் இடத்தில் வந்து நிற்கிறாய்? கர்ணம் கேட்டபோது படிக்கத் தெரியாது என்று சொன்னாயா? விசாரணையில் இதைக் கேட்பேன்.

பெருமாயி

*

அயோத்தியாப்பட்டணம்
ஆவணி 2

அக்காளுக்கு,

கேளுங்கள். படிக்கத் தெரியாது என்றுதான் சொன்னேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் அப்பா கடை வைத்திருந்தபோது பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தேன். அது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கர்ணத்துக்கும் தெரியும். இருந்தும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

நீங்கள் சொல்கிற அந்த இன்னொரு வழியில் போனால் என் பெயர் ஜாபிதாவில் எப்படி இருக்கும் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று இருக்கும். அது எனக்கு எதற்கு? என்னைப் பார்த்து "உனக்கு எழுதத் தெரியுமா?" என்றா கந்தம்மாள் கேட்டாள்?

உங்கள் கல்யாணத்துக்கு அருமைக்காரர் வந்து சீர் செய்தார். நாத்தனார் பேழைக்கூடை தூக்கி இணைச்சீர் செய்தாள். ஊர் கூடி மொய் எழுதினது. எனக்கு என்ன நடந்தது? கோயிலில் ஒரு மாலை, ஒரு மஞ்சள் கயிறு. பார்த்தது அப்பாவும் பூசாரியும். இணைச்சீர் ஒரு ஆணுக்கு ஒரு தடவைதான் என்று நாத்தனார் வரவே இல்லை. இன்றைக்கும் ஒரு விசேஷத்துக்குப் போனால் சுமங்கலிகளைக் கூப்பிடும்போது என்னைத் தாண்டித்தான் தாம்பாளம் போகிறது. நான் மனைவி என்று எங்கேயும் எழுதவில்லை அக்கா. யாரும் எழுதப் போவதும் இல்லை. சர்க்கார் எழுதட்டும் என்றுதான் போனேன். அவர்கள் சொன்னால் ஊர் வாயை மூடும்.

நீங்கள் கேட்பது ஒரு வரி. நான் கேட்பதும் அந்த வரிதான். ரெண்டு பேருக்கும் அது காணாது. பத்தாம் தேதி பார்க்கலாம்.

நீங்கள் வருகிறீர்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அன்றைக்கே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

குஞ்சம்மாள்

*

நாமகிரிப்பேட்டை
ஆவணி 14

குஞ்சம்மாளுக்கு,

அன்றைக்கு விசாரணையில் நீ தலையைக் குனிந்தே நின்றாய். நடந்ததில் பாதி உன் கண்ணில் பட்டிருக்காது. அதனால் நான் பார்த்ததை எழுதச் சொல்கிறேன்.

அதிகாரி முதலில் என்னைக் கூப்பிட்டார். "உம் புருஷன் பேரு என்னம்மா?" என்றார். நான் எப்படிச் சொல்வேன்? அடுத்து உன்னைக் கேட்டார். நீயும் வாயைத் திறக்கவில்லை. ரெண்டு பெண்டாட்டிகள் அந்தப் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம், ஒருத்தி வாயிலிருந்தும் அந்தப் பெயர் வரவில்லை. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டான். அந்தச் சிரிப்பில் உன் படிப்பைப் பற்றிக் கேட்க வந்ததை நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

கடைசியில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "பெரியவ ஊர்ல இல்லைன்னு மனு. சின்னவளைச் சேர்க்கணும்னா நீர் வாக்குமூலம் கொடுக்கணும். ஒருத்திதான் இருக்கலாம். எவ பேரை வெச்சுக்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு உன்னைப் பார்த்தார். குஞ்சு, அவர் உன்னைத்தான் பார்த்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன், நாலு வருஷத்துக்குப் பிறகு வந்து நிற்கிறேன், என் பக்கம் அந்தக் கண் திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ரெண்டு பேரையும் அடிச்சுப்போடுங்க சாமி. ஊட்டுல கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்."

அதிகாரிக்கு வேலை சுலபமாகிவிட்டது. சிவப்பு மையில் இழுத்தார்.

நீ அழுதாய். நான் அழவில்லை. பஸ் ராசிபுரம் தாண்டினதும் அழுதேன். உன் கணுக்காலில் வெள்ளிக் கொலுசு பார்த்தேன். சேலத்தில் எடுத்ததா? எனக்கு ஒரு தீபாவளி நோம்பிக்குக்கூட எடுத்துத் தரத் தோன்றவில்லை அவருக்கு. மனுஷன் இளைத்துப் போயிருக்கிறார். சனிக்கிழமை தலைக்கு விளக்கெண்ணெய் வைக்கிறாயா இல்லையா?

பெருமாயி

*

அயோத்தியாப்பட்டணம்
ஆவணி 22

அக்காளுக்கு,

என்னைப் பார்த்தாரா? கடவுளே. நான் தலையைக் குனிந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன்? துண்டால் துடைத்துவிட்டு அவர் பார்த்தது உங்களை. உங்கள் காலில் ஆரம்பித்து, கையில் வளையல் இருக்கிறதா என்று பார்த்து, முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பார்வையை நான் இந்த வீட்டில் ஒரு நாளும் வாங்கினதில்லை. அதற்காகத்தான் அழுதேன், சிவப்பு மைக்காக இல்லை. நாம் இருவரும் ஒரே மனுஷனைத்தான் பார்த்தோமா என்று சந்தேகமாக இருக்கிறது.

கொலுசு அவர் எடுத்ததில்லை. அப்பா போட்டது. விளக்கெண்ணெய் வைக்கப் போனால், "அவ வெச்சா சூடு பறக்கும்" என்கிறார். அதனால் வைப்பதில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் அவர் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கையை வீசி நடந்தார் அக்கா. பெரிய பாரம் இறங்கின மாதிரி. "இப்பத் திருப்திதானே?" என்று என்னையே கேட்டார். உங்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. அது எப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் வந்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆத்திரம் முழுவதும் அந்த நடையைப் பார்த்தபோது வந்தது. அன்று ராத்திரி களியில் வேண்டுமென்றே கட்டி விட்டேன்.

யோசித்து ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஐப்பசிவரை புதிய மனு வாங்குவார்களாம். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்றே கொடுக்கப் போகிறேன். அவர் வாக்குமூலம் எனக்கு வேண்டாம். அப்படிச் செய்தால் மனைவியின் இடம் காலியாகத்தான் இருக்கும். பெரியவர் நீங்கள், அது உங்களுக்கு வரலாம். ஆனால் அதற்கு நீங்கள் இந்த ஊரில் குடியிருக்க வேண்டும். அதாவது இந்த வீட்டில்.

வந்தால் கதவைத் திறப்பேன். சந்தோஷமாகத் திறப்பேன் என்று பொய் எழுதமாட்டேன்.

குஞ்சம்மாள்

*

நாமகிரிப்பேட்டை
ஐப்பசி 6

குஞ்சம்மாளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. காரணம் இருக்கிறது.

நீ வேண்டாம் என்று எழுந்த இடத்தில் வந்து உட்கார நான் யார்? நீ கதவைத் திறந்து, நான் உள்ளே வந்து, அவர் யார் கையால் வாங்கித் தின்பது என்று தினமும் உன் முகத்தை நானும் என் முகத்தை நீயும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? நல்ல கதை. நான் வரவில்லை.

உன் கடிதத்தை ஜானகி வாசித்த அன்றே எனக்கும் எழுத்து சொல்லிக்கொடு என்று அவளைக் கேட்டேன். புண்ணியத்துக்குக் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருப்பதா என்றுதான் கேட்டேன். இனிமேல் என் வயிற்றெரிச்சலை ஜானகிக்குத் தெரியாமல் எழுத வேண்டும் என்பதும் ஒரு காரணம். இதை எழுதும்போது அவள் முகம் சுளிக்கிறாள்.

[சுளிக்கவில்லை. அம்மாள் "ழ" எழுதக் கற்கப் பட்ட பாட்டை நான் எழுதினால் இன்னொரு கடிதமாகும். - ஜானகி]

போன வெள்ளிக்கிழமை ராசிபுரத்தில் அதிகாரி முன்னால் போய் நின்றேன். ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாசித்தேன். கிணறு வெட்டக் கடன் வேண்டும் என்று யாரோ கேட்ட மனு. அவனுக்குக் கொடுத்தார்களா என்று கேட்டேன். அதிகாரி மனுப் பாரத்தை என் பக்கம் தள்ளினார். அதில் என் பெயர் எழுதினேன். அடுத்த கட்டம் கணவன் அல்லது தகப்பன் பெயர். அவர் பெயரை வாயால் சொல்லாதவள் கையால் எழுதுவேனா? என் அப்பா பெயரை எழுதினேன். எழுதின பிறகு பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

நான் இந்த ஊர் ஜாபிதாவில் இருப்பேன். பெயர் எழுதவும் நாலு வரி வாசிக்கவும் வந்துவிட்டது. சண்டை போடுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை, அதனால்தான் இதற்கு ஜானகி.

உன் மனு என்ன ஆனது?

பெருமாயி

*

அயோத்தியாப்பட்டணம்
கார்த்திகை 11

அக்காளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து மறுபடியும் எழுதுகிறேன். ஜானகியம்மாளிடம் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள். மெதுவாக ஆனாலும் சரி.

நான் மனுக் கொடுக்கப் போனபோது எனக்கும் அதே கட்டம் வந்தது. கணவன் அல்லது தகப்பன். கட்டைப்பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி என்று எழுத வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்? அங்கே அவர் பெயரை நானே எழுதிவிட்டால் போதும், யாரையும் அடிக்க வேண்டாம், யார் வாக்குமூலமும் வேண்டாம். நான் நினைத்தது நடந்துவிடும். ஆனால் கை ஓடவில்லை. அவர் பெயரை நான் சிலேட்டில்கூட எழுதிப் பார்த்ததில்லை. எழுதினால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். மை காய்ந்துபோனது. குமாஸ்தா அவசரப்படுத்தினார். அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களுக்கும் அப்படித்தான் ஆனது என்று உங்கள் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முந்தாநாள் சாவடியில் முடிவான ஜாபிதாவை வாசித்தார்கள். மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் வந்தது. அடுத்தது பக்கத்துக் காட்டு ராசுக் கவுண்டர், அவர் மனைவி சின்னாயி. அதற்கடுத்தவர், அவர் மனைவி. எல்லாருக்கும் மனைவி வந்தது, மாமாவுக்கு மட்டும் இல்லை. கடைசியில் படித்த பெண்கள் என்று வாசித்தபோது "குழந்தைவேல் மகள் குஞ்சம்மாள்" என்றார்கள். யாரோ பின்னாலிருந்து, "கவுண்டருக்குக் கண்ணாலமே ஆகலையாட்ட இருக்குது" என்றான். சாவடியே அதிர்ந்தது.

மாமா எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "என்ற பொண்டாட்டி பேரு எங்கீங்க? காணமே?" என்று கர்ணத்தைக் கேட்டார். ரெண்டு பேரையும் அடியுங்கள் என்று சொன்னதே அவருக்கு மறந்துவிட்டதோ என்னவோ. கர்ணம் விடவில்லை. "எந்தப் பொண்டாட்டிங்க?" என்றார். எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். நானும் பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்தேன். என் பெயர் வரும் என்று இருந்தேன் அக்கா. ஒரே ஒரு நிமிஷம் முழுசாக நம்பினேன். வீட்டில் இருப்பவள் நான்தானே.

"பெருமாயிங்க" என்றார்.

யோசித்துச் சொல்லவில்லை. கேட்டதும் வந்துவிட்டது. அப்புறம்தான் திரும்பி என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்து, "வாய் தவறிப்போச்சு, அதுக்கென்ன இப்போ" என்றார். சோறு போட்டேன். சாப்பிட்டார். வாய் தவறினாலும் உள்ளே இருப்பதுதானே வெளியே வரும்?

இதை உங்களுக்கு எழுதாமல் இருந்துவிடலாம் என்று ரெண்டு நாள் இருந்து பார்த்தேன். எழுதாவிட்டால் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் நீங்கள் அங்கே உட்கார்ந்து அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தார் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பொய்யை நான் வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்களுடையதை உங்களுக்கே அனுப்பிவிட்டேன்.

இனி நீங்கள் வந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். வந்து பெட்டியைத் திறந்துகொள்ளலாம். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாருங்கள் என்று சொல்லவும் வரவில்லை.

குஞ்சம்மாள்

*

நாமகிரிப்பேட்டை
கார்த்திகை 25

குஞ்சுக்கு

இது என் கை எழுத்து. தப்பு இருக்கும். ஜானகிக்குக் காட்டலை.

உன் காகிதத்தை மாட்டுக் கொட்டாயில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு பொழுது ஆச்சு. அந்த இடம் வந்ததும் என் பெயர் எனக்கே சரியாகத் தெரியுதா என்று விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். என் பெயர்தான்.

நீ மறைத்திருக்கலாம். நானாக இருந்தால் மறைத்திருப்பேன். சத்தியமாக மறைத்திருப்பேன். அதை நினைத்தால் உன் மேல் இன்னும் பொறாமையாக இருக்குது.

சாலம்மாள் இன்றைக்கும் தட்டை உருட்டினாள். உருட்டட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு மனசு நிறைந்து கிடக்குது.

நான் அந்த ஊட்டுக்கு வரலை. வந்தால் அவர் மறுபடியும் என்னை தினமும் பார்ப்பார். அப்புறம் கேட்டால் யார் பெயரைச் சொல்லுவாரோ. இப்போது சொன்னது எனக்குப் போதும். இதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

பெட்டியை நகர்த்திப் போடு. அங்கே சௌந்திரத்துக்குத் தொட்டில் கட்ட இடம் இருக்கும். சாவியை மட்டும் அவரிடம் கேட்காதே. அது அவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி உச்சியில் வைத்து, அது இறங்குகிற வரை கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேணும். நான் அப்படித்தான் செய்வேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்கு நீ அங்கே போ. நான் இங்கே போகிறேன்.

என்றைக்காவது ஒரு நாள் அவர் உன் பெயரைச் சொல்லுவார். கட்டாயம் சொல்லுவார். அதை மட்டும் எனக்கு எழுதாதே.

பெருமாயி